ஏழு பாகத்தில் ஒரு சிவப்பு

பிப்ரவரி 9, திங்கள்

இந்த நோட்டைக் கையில் எடுத்திருக்கிற நீங்கள் யாரோ, எந்த ஊரோ, வாருங்கள், உட்காருங்கள். சௌக்கியமா? வீட்டில் எல்லோரும் சுகமா? காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா? வெறும் வயிற்றோடு என் பேச்சைக் கேட்க உட்காரக் கூடாது. இன்னாசி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான் என்று எங்கள் வேம்படித்துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வயது ஐம்பத்து மூன்று இருக்கும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எழுத்து பிறகுதான் ஒட்டிக்கொண்டது, கோயிலில் மந்திரப் புத்தகத்தையும் டீக்கடையில் பேப்பரையும் எழுத்துக் கூட்டிப் படித்து. அந்த டீக்கடைக்காரரைப் பற்றியே ஒரு நாள் பேசலாம். பால் திரிந்துபோனால் அன்றைக்கு மட்டும் எல்லோரையும் ஐயா என்று கூப்பிடுவார். அது இருக்கட்டும்.

நோட்டைக் கொடுத்தவர் நளினா அம்மா. திருப்பூர்க்காரர், நாற்பது வயதுக்குள். கடலுக்கு அடியில் போய்ப் படம் எடுப்பது அவர் தொழில். தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரைக்கும் தீவுகளை ஒட்டி, பார் பாராக இறங்கிப் படம் எடுத்துப் புத்தகம் போடப் போகிறார். பார் என்றால் கடலுக்குள் கிடக்கிற பாறையும் பவளமும். மீனும் சங்கும் குடியிருக்கும் இடம். அனுமதிக் காகிதமெல்லாம் வைத்திருக்கிறார். இடம் காட்ட நான். வள்ளம் ஓட்ட எங்கள் ஊர் சூசைராசு. ராத்திரித் தங்கல் கரையில், அந்தந்த ஊர் லாட்ஜில்.

தினமும் எந்த இடம், தண்ணீர் எப்படி, நீரோட்டம் எப்படி என்று எழுதி வைக்கச் சொன்னார். மனதில் தோன்றுகிற வேறு எதையும் எழுதலாமாம், அவர் படிக்க மாட்டாராம். சரி, எழுதுகிறேன். இடம்: முயல் தீவுக்குக் கிழக்கே. தண்ணீர்: தெளிவு. நீரோட்டம்: வடக்கே கொஞ்சம் இழுப்பு.

முதுகில் காற்றுக் குப்பி கட்டித்தான் இறங்குகிறார். ஆனாலும் இழுப்பு இருக்கிறது என்று சொன்னதும் இடுப்பில் ஒரு கயிறு கட்டி, மறுநுனியை என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கி சூசைராசுவிடம் கொடுத்துவிட்டு நங்கூரத்தைப் பார்க்கப் போனேன். எனக்கு வலது மணிக்கட்டில் வலி.

கயிறு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் ஊரில் சங்கு குளிக்கிறவர்கள் இன்றைக்கும் குப்பி கட்டுவதில்லை. இடுப்பில் ஈய வார், காலில் துடுப்பு மாதிரி அலுமினியத் தட்டு, நெஞ்சில் ஒரு மூச்சு, அவ்வளவுதான். இடுப்பிலிருந்து ஒரு கயிறு வள்ளத்துக்கு வரும். அதைப் பிடிக்கிறவன் குளிக்கிறவனுடைய மச்சானாக இருக்க வேண்டும். பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன். அண்ணன் தம்பி கூடாது, சிநேகிதன் கூடாது. ஏனென்றால் அந்தக் கயிற்றில் தொங்குவது அவன் தங்கச்சியின் தாலி. கை அசந்தால் யார் கழுத்து வெறுமையாகும் என்று அவனுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் பெண், தன் சேலையில் ஒரு சாண் கிழித்து, அண்ணன்காரன் கை பிடிக்கும் இடத்தில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டுவாள். அந்தத் துணிக்கு மேல்தான் கை இருக்க வேண்டும்.

என் தங்கச்சி மதலேன் கட்டியது சிவப்பு நைலக்ஸ் சேலைத் துண்டு. பட்டுச் சேலையைக் கிழிக்க மனம் வரவில்லை அவளுக்கு. நான்தான் கேலி செய்தேன். பட்டாக இருந்தால் கடல் தின்றிருக்கும், நைலக்ஸை எது தின்னப் போகிறது.

அவள் புருஷன் கித்தேரியான் மூன்று வருஷத்துக்கு முன்னால் கடலுக்குள் போனவன் திரும்பவில்லை. அடியில் பாறை அறுத்துக் கயிறு துண்டானது. அவன் வேறு பக்கம் மேலே வந்திருப்பான். தூரத்தில் ஒரு இலங்கை வள்ளம் நின்றது. மேல்நுனி என் கையில்தான் இருந்தது. எழுதியே வைக்கிறேன். கையில்தான் இருந்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

இடம்: அதே. தண்ணீர்: தெளிவு. சொறி மீன் கூட்டம். சூசைராசுவுக்கு முழங்கையில் தடிப்பு; வினிகர் ஊற்றியதற்கு, என்னை ஊறுகாய் போடாதீங்க அண்ணாச்சி என்றான்.

பிப்ரவரி 12, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. உயிர் பிழைத்து வந்ததே பெரிது. வான் தீவு தாண்டும்போது கச்சான் காற்று திடீரென்று திரும்பியது. எஞ்சின் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றது. அலை வள்ளத்தைப் பாருக்கு நேரே தள்ளுகிறது. நளினா அம்மா காமெராப் பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீரை வாளியால் இறைத்தார். சூசைராசு எஞ்சினைத் திறந்து, அதன் அம்மாவையும் அத்தையையும் பற்றிப் பேசிக்கொண்டே பிளக்கைத் துடைத்தான். நான் தடியால் பாறையை உந்தி உந்தி வள்ளத்தை விலக்கினேன். ஒரு மணி நேரம். கரைக்கு வந்ததும் அந்த அம்மா சொன்ன முதல் வார்த்தை, பசிக்குதுங்க. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

இன்று கடலுக்குப் போகவில்லை. மதியம் லாட்ஜில் கம்ப்யூட்டரைத் திறந்து படங்களைக் காட்டினார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. எல்லாம் நீலம், பச்சை, சாம்பல். சங்கரா மீன் கூட்டம் ஒன்று, கரிக்கட்டை மாதிரி. இது சங்கராவே இல்லை என்றேன். சிரித்தார்.

தண்ணீர் நிறத்தைத் தின்றுவிடுமாம். முதலில் தின்பது சிவப்பை. பாகம் என்பது ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்த அளவு; மூன்று நான்கு பாகம் இறங்கியதும் சிவப்பு மங்கிவிடும், அதற்குக் கீழே கறுப்பாகிவிடும். அப்புறம் மஞ்சள். கடைசியில் மிஞ்சுவது நீலம். அவர் அப்பா திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருந்தவர், அதனால் நிறம் போவதும் வருவதும் சின்ன வயதிலிருந்தே பழக்கமாம். கம்ப்யூட்டரில் ஒரு கோட்டின் மேல் ஒரு புள்ளி இருந்தது. அதைப் பிடித்து மெல்ல நகர்த்தினார். கரிக்கட்டை மீன்களுக்குள்ளிருந்து சிவப்பு ஊறி வந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"எவ்வளவு போடணும்னு எனக்குத் தெரியாதுங்கண்ணா. நீங்கதான் இதையெல்லாம் கைல புடிச்சுப் பார்த்தவரு. உசுரோட இருக்கறப்ப என்ன நெறமோ, அது வந்ததும் நிறுத்தச் சொல்லுங்க."

இப்படித்தான் எனக்கு இரண்டாவது வேலை வந்தது. களவா மீனுக்கு இன்னும் கொஞ்சம் தவிட்டு நிறம், கிளிமீனுக்குப் போதும், நிறுத்துங்கள் என்று நான் சொல்லச் சொல்ல அவர் நகர்த்தினார். தண்ணீரில் மிதக்கிற தூசியெல்லாம் படத்தில் வெள்ளை வெள்ளையாய் விழுந்திருந்தது. அதைத் தொட்டுத் தொட்டு அழிக்கவும் சொல்லிக்கொடுத்தார். சூசைராசு எட்டிப் பார்த்துவிட்டு, மீனுக்குப் பவுடர் போடுகிறீர்களா என்று கேட்டான்.

பிப்ரவரி 14, சனி

இடம்: காரைச்சல்லிக்குத் தெற்கே. தண்ணீர்: கொஞ்சம் கலங்கல்.

மதலேன் போன் பேசினாள். பாஸ்போர்ட் வந்துவிட்டதாம். இலங்கை ஜெயிலில் இருக்கிற மீன்பிடிக்காரர்களைப் போய்ப் பார்த்துவருகிற ஒரு கன்னியாஸ்திரி இருக்கிறார். அவரோடு வருகிற இருபத்தேழாம் தேதி கிளம்புகிறாள். அங்கே ஒரு ஜெயிலில், பெயர் சரியாகச் சொல்லாத, புத்தி கொஞ்சம் தடுமாறின ஒரு ஆள் இருப்பதாகக் கேள்வி. இடது புருவத்தில் தழும்பாம். கித்தேரியானுக்கும் தழும்பு உண்டு, ஆனால் வலது புருவத்தில். அதை அவளிடம் சொன்னேன். கண்ணாடியில் பார்த்துச் சொல்லியிருப்பார்கள் என்றாள்.

அவன் சாப்பாட்டுத் தட்டை இன்னும் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். மீன் வாங்கினால் தலையை எடுத்து வைப்பாள். தலை அவனுக்குப் பிடிக்கும். மறுநாள் பூனைக்குப் போடுவாள். பூனை கொழுத்துவிட்டது.

தூரத்தில் ஒரு வள்ளம் நின்றது என்று நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. அழுது அழுது மூச்சு நின்றுவிடும் போலக் கிடந்தாள், அதனால் சொன்னேன்.

எங்கள் ஊர்ப் பூனைகளைப் பற்றி ஒரு விஷயம் உண்டு. இன்னொரு நாள் சொல்கிறேன்.

பிப்ரவரி 16, திங்கள்

இடம்: நல்லதண்ணித் தீவுக்கு மேற்கே. தண்ணீர்: பளிங்கு.

நளினா அம்மா கடல் வரைபடத்தை விரித்து ஒரு இடத்தில் விரல் வைத்தார். ஏழு பாகம் ஆழத்தில் நல்ல பார் இருப்பதாகத் தெரிகிறதே, அங்கே ஏன் கூட்டிப்போகவில்லை என்றார். அதற்கு எங்கள் பக்கம் ஆனைப்பார் என்று பெயர். அங்கே இப்போது சேறு மூடிவிட்டது, படத்துக்கு ஆகாது என்றேன். சூசைராசு என்னைப் பார்த்தான்.

சாப்பிடும்போது அவன் பழைய பல்லவியை ஆரம்பித்தான். இவன் மூன்று வருஷமாக என்னிடம் ஒரு கதைக்கு முடிவு கேட்டுக்கொண்டிருக்கிறான். வள்ளங்களில் ஒயர்லெஸ் செட் உண்டு. ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள. காற்று இல்லாத வேளையில் எல்லா வள்ளக்காரர்களும் சேர்ந்து, அண்ணாச்சி, ஒண்ணு எடுத்து விடுங்க என்பார்கள். நான் மைக்கை எடுத்தால் பத்து இருபது வள்ளத்தில் சிரிப்புக் கேட்கும். அப்படிச் சொன்னதில் ஒன்று, பாதியில் நின்றுபோனது.

பெரிய விஷயம் இல்லை. பெண் அழைக்கப் போன மாப்பிள்ளை வீட்டார், பனிமூட்டத்தில் கரை தெரியாமல் வேறு ஊரில் இறங்கிவிடுகிறார்கள். அங்கேயும் ஒரு கல்யாண வீடு. வாருங்கள் வாருங்கள் என்று இலை போட்டுவிட்டார்கள். மாப்பிள்ளையின் மாமா மூன்றாவது தடவை சாம்பார் வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், மணவறையில் ஏற்கனவே ஒரு மாப்பிள்ளை. இவர் பக்கத்து இலைக்காரரிடம் குனிந்து மெதுவாகக் கேட்கிறார்.

அவ்வளவுதான் சொல்லியிருந்தேன்.

"அவரு என்ன கேட்டாருன்னு சொல்லிருங்களேன் அண்ணாச்சி. மூணு வருசமா அந்த மாமா சாம்பாரைக் கையில வச்சுக்கிட்டு நிக்காரு."

மறந்துபோச்சு என்றேன். நளினா அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

தவக்காலம் ஆரம்பம். விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்த நாளில் நெற்றியில் சாம்பல் வாங்காமல் நான் இருந்ததில்லை. காலைப் பூசைக்கு அந்த ஊர்க் கோயிலுக்குப் போனேன். மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்று சொல்லிச் சாமியார் நெற்றியில் பூசினார். கடலில் போனவர்கள் எதற்குத் திரும்புவார்கள் என்று ஒரு நினைப்பு. இவ்வளவு வருஷம் வராத நினைப்பு.

திரும்பி வந்தால் கரையில் வள்ளம் இல்லை. மதியம் வந்தார்கள். நளினா அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"இன்னாசிண்ணா, நீங்க சொன்ன மாதிரி சேறெல்லாம் இல்லைங்க. இத்தன நாள் இறங்குனதுல அதுதான் அழகு."

சூசைராசு நங்கூரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஆனைப்பாருக்கா போனீர்கள் என்றேன். அம்மா கேட்டாங்க, போனோம் என்றான், என் முகத்தைப் பாராமல்.

இடம்: அது. தண்ணீர், நீரோட்டம்: எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 19, வியாழன்

லாட்ஜ் மாடியில் துணி காயப்போடும் கொடி இருக்கிறது. காலையில் என் சட்டையையும் சூசைராசுவின் கைலியையும் துவைத்துப் போட்டேன். கைலியில் கிரீஸ் கறை போகவே இல்லை. எலுமிச்சம்பழம் தேய்த்தால் போகும் என்பார்கள். போகாது. மண்ணெண்ணெய்தான் சரி. ஆனால் அப்புறம் வாடை போக நாலு நாள் ஆகும். என் பெரியப்பா ஒருவர் இப்படி மண்ணெண்ணெய் வாடையோடு பெண் பார்க்கப் போய்

பத்து மணிக்கு நளினா அம்மா கூப்பிட்டார். படம் பார்க்கப் போனேன்.

நாற்பது படம் வரைக்கும் ஒன்றும் இல்லை. பவளம், களவா, ஒரு நட்சத்திர மீன். அப்புறம் ஒரு அகலப் படம். பெரிய பாறை, யானை படுத்திருப்பது மாதிரி. அதன் வயிற்றுக்கு அடியில் இடுக்கு. இடுக்குக்கு முன்னால் சங்கரா கூட்டம். ஓரத்தில் பாறையில் சுற்றிக்கொண்டு ஒரு கயிறு, பாசி பிடித்து. கயிற்றின் நுனிக்கு ஒரு சாண் முன்னால் கறுப்பாக ஏதோ ஆடுகிறது.

இது என்ன, பாசிதானே, என்ன நிறம் வர வேண்டும் என்று கேட்டார். பாசிதான், கறுப்பாகவே இருக்கட்டும் என்றேன். சரி, மீனைப் பார்ப்போம் என்று புள்ளியை நகர்த்த ஆரம்பித்தார். சங்கராவின் முதுகில் சிவப்பு ஏறியது. நிறுத்தச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. என் வாய் திறக்கவில்லை. அவர் நகர்த்திக்கொண்டே போனார். மீனெல்லாம் சிவந்தது. அப்போது ஓரத்தில் அந்தக் கறுப்பும் சிவந்தது. முக்கால்வாசி பாசிதான். ஒரு விளிம்பு மட்டும். குங்குமச் சிவப்பு.

பெரிதாக்கிப் பார்த்தார். துணி என்றார். மூன்று முடிச்சு என்று எண்ணினார். கயிற்றின் நுனியைக் காட்டி, இது அறுந்தது இல்லை, மெழுகுவர்த்தியில் உருக்கிவிட்ட நுனி, பிரியாமல் இருக்கப் பண்ணுவார்களே அது என்றார். மறுபக்கம் கயிறு போன வழியே படத்தை நகர்த்தினார். அது பாறை இடுக்குக்குள் போயிற்று. இடுக்கில் ஈயத்துண்டு நான்கு, வரிசையாக. ஒரு அலுமினியத் தட்டு, பாறைக்கு அடியில் பாதி சொருகிக்கொண்டு. அதற்குப் பக்கத்தில் வெளிறிப்போய்.

கம்ப்யூட்டரை மூடினார்.

யாரென்று தெரியுமா என்று என்னிடம் கேட்டார். பழைய வலையாக இருக்கும் என்றேன்.

துணியெல்லாம் காய்ந்துவிட்டது. மடித்து வைத்தேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

கடலுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 21, சனி

காலையில் நானே போய்க் கதவைத் தட்டினேன். அந்தப் படத்தில் சிவப்பை எடுத்துவிடுங்கள் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி வைத்து, புள்ளியைக் காட்டி, நீங்களே நகர்த்துங்கள் என்றார். நகர்த்தினேன். துணி மங்கியது. கறுத்தது. பாசியானது. நல்லதாகப் போயிற்று என்று கையை எடுத்தேன். அதற்குமேல் நகர்த்த இடமில்லை, ஆனாலும் என் கண்ணுக்கு அது சிவப்பாகவே தெரிந்தது.

"சிவப்ப நான் போடலைங்கண்ணா. அது அங்கயே இருந்ததுதான். தண்ணி மறைச்சுது, நான் எடுத்து விட்டேன். இப்ப நீங்க மறைச்சிருக்கீங்க. யாருக்கும் தெரியாதுங்க. உங்களுக்குத் தெரியுமில்ல."

எழுந்து வந்துவிட்டேன். வாசல் வரை வந்து ஒன்று மட்டும் சொன்னார். அந்த இடுக்கில் இருப்பவருக்கு வீடு என்று ஒன்று இருந்தால், அங்கே யாராவது வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். புத்தகத்தில் இந்தப் படத்தைப் போட மாட்டேன். ஆனால் அழிக்கவும் மாட்டேன்.

பிப்ரவரி 23, திங்கள்

இடம்: ஆனைப்பாருக்குத் தெற்கே அரை மைல். தண்ணீர்: தெளிவு. நீரோட்டம்: இல்லை.

நளினா அம்மா அடியில் இருந்தார். வள்ளத்தில் நானும் சூசைராசுவும் மட்டும். கயிறு அவன் கையில். காற்றே இல்லை. கடல் எண்ணெய் மாதிரி. செட்டில் யாரோ ஐஸ் இல்லை, ஐஸ் இல்லை என்று கத்திக்கொண்டிருந்தான். சூசைராசு அதை அணைத்தான்.

"அண்ணாச்சி, அன்னைக்கு உங்க கதை நின்னப்ப பதினொன்னே கால். எங்க செட்டுக்குப் பக்கத்துல கடியாரம் இருந்துச்சு. கித்தேரியானைக் காணலன்னு நீங்க கூப்பிட்டது பன்னெண்டு மணி."

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் யாருட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டயும் கேட்டதில்ல. கதை முடிவைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கயிற்றில் இரண்டு இழுப்பு வந்தது. அவன் கை உடனே பதில் இழுப்பு கொடுத்தது. அவன் என்னோடு பேசிக்கொண்டிருந்தபோதும் கை கயிற்றைவிட்டு நகரவில்லை.

பாருக்கு அந்த அம்மாவை வேண்டுமென்றே கூட்டிப்போனாயா என்று கேட்டேன். மதலேன் அக்கா பாஸ்போர்ட்டைக் கோயிலில் கொண்டுவந்து ஊரெல்லாம் காட்டினாங்களாம் அண்ணாச்சி என்றான்.

பிப்ரவரி 26, வியாழன்

வேம்படித்துறைக்கு வந்துவிட்டேன். நளினா அம்மா பாம்பனுக்குப் போகிறார், வேறு ஆள் இடம் காட்டுவான். பஸ் ஏற்றிவிடும்போது ஒரு கவர் கொடுத்தார். உள்ளே இரண்டு படம், ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டது. இரண்டும் அதே பாறை, அதே மீன். ஒன்றில் சிவப்பு இருக்கிறது. ஒன்றில் இல்லை. எதைக் காட்டுவது என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும் என்றார்.

இப்போது மதியம் இரண்டு மணி. மதலேன் வீட்டுப் பின்கட்டில், உரல் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே அவள் சாமான் எடுத்து வைக்கிற சத்தம். நாளைக் காலை ஏழு மணிக்கு மதுரை பஸ். அவனுக்கு இரண்டு சட்டை எடுத்து வைத்திருக்கிறாள். ஜெயிலில் இளைத்திருப்பான் என்று ஒன்றைப் பிடித்துத் தைத்திருக்கிறாள். கருவாட்டுப் பொடி அரைத்திருக்கிறாள். எனக்குச் சாப்பாடு போட்டபோது சிரித்துக்கொண்டே சொன்னாள், அந்த மனுஷன் வந்தால் உன்னைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பார், நீ கயிறு பிடித்தால்தான் இறங்குவேன் என்று அடம் பிடித்தவராயிற்றே. மீன் தலையை எனக்கே வைத்திருந்தாள்.

யாரோ எந்த ஊரோ என்று முதல் நாள் எழுதினேன். அது பொய். இது உனக்குத்தான், மதலேன். ஆரம்பத்திலிருந்தே உனக்குத்தான். உனக்கு எழுத்து வேகமாகப் படிக்க வரும், என்னைப் போல இல்லை.

அன்றைக்குக் கயிறு என் கையில் இல்லை. மைக்கைப் பிடித்துப் பேச ஒரு கை வேண்டும். கையை ஆட்டாமல் எனக்குக் கதை வராது, அதற்கு ஒரு கை வேண்டும். கயிற்றைக் குறுக்குப் பலகையில் ஒரு சுற்றுச் சுற்றி வைத்தேன். ஒரே சுற்று. முடிச்சுக்கூட இல்லை. அவன் இறங்கினால் ஒன்றரை நிமிஷம். கதை அதற்குள் முடிந்துவிடும் என்று நினைத்தேன். நடுவில் அந்தச் சாம்பார் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கட்டும் என்று நிறுத்தினேன். சிரிப்பு அடங்கட்டும் என்று நிறுத்துவது எனக்குப் பிடிக்கும். திரும்பினால் பலகையில் கயிறு இல்லை. உன் துணியும் இல்லை.

நான் இறங்கினேன். மூன்று தடவை. இரண்டாவது தடவை காது கிழிந்தது. மூன்றாவது தடவை பார்த்தேன். கால் தட்டு பாறைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. மேலே இருந்து ஒருவன் சாய்த்து இழுத்திருந்தால் வந்திருக்கும். அவன் மூன்று தடவை இழுத்திருப்பான், என்னைத் தூக்கு என்று. பலகையைத்தான் இழுத்தான். நான் பார்த்தபோது அவன் இழுக்கவில்லை. தூக்கிப் பார்த்தேன், என்னால் முடியவில்லை. கயிற்றின் நுனி உன் துணியோடு அவன் பக்கத்தில் ஆடியது. ஊர் வந்து இறங்கினால் முதலில் கண்ணில் படுவது அறுபடாத அந்த நுனிதான். நான் வள்ளத்தை மேற்கே அரை மைல் தள்ளிக் கொண்டுபோய், அங்கிருந்து செட்டில் கூப்பிட்டேன். இருபது பேர் இரண்டு நாள் வெறும் மணலில் தேடினார்கள். மூன்றாம் நாள் உன்னிடம் ஒரு வள்ளத்தைப் பற்றிச் சொன்னேன். அங்கே வள்ளம் எதுவும் நிற்கவில்லை, மதலேன்.

அவன் ஜெயிலில் இல்லை. ஏழு பாகத்தில், ஆனைப்பாரில். எடுத்து வந்து கல்லறையில் வைக்க முடியும். சூசைராசு இடம் காட்டுவான். நானும் காட்டுவேன். நீ என்னை

கூப்பிடுகிறாள்.

"அண்ணே, எங்க இருக்க. பெட்டி ஜிப்பு போயிருச்சு, கயிறு வச்சுத்தான் கட்டணும். ஒரு முனையைப் புடிச்சுக்க வா."

வருகிறேன் என்றேன். மறுபடியும் கூப்பிடுகிறாள். ஒரு கையால் பெட்டியை அமுக்கிக்கொண்டு, ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம். சீக்கிரம் வா என்கிறாள். நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போகிறேன். முதலில் கயிற்றைப் பிடிப்பேன். அவள் முடிச்சுப் போடுவதற்குள், சிவப்பு இருக்கிற படத்தை எடுத்து அவள்